பதினைந்தாம் கலவை

எண்ணெய் வழிகிற முகத்துக்குத் தண்ணீர்தான் வேண்டும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நாளுக்கு நாலு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்துக் காய வைக்கிறார்கள். காயக் காய அது இன்னும் எண்ணெயைக் கக்கும். பதினாறு வயதில் நானும் அதைத்தான் செய்தேன். அது தப்பு என்று புரிய எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லைதான், இன்ஸ்பெக்டர். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரும்.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். குழாய், தொட்டி, கிணறு, எங்கிருந்து வந்தாலும் ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் விட்டு, கதகதப்பான பெட்டியில் வைத்து, மறுநாள் எத்தனை கிருமி முளைத்திருக்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரில் என்னவெல்லாம் குடியிருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். அவர் நல்ல மனிதர். ஆனால் அப்படிச் சொன்னால் பதினேழு வருட வேலைக்கு அவமானம்.

பருவுக்கு முகத்தில் தடவுகிற அந்த சீரத்தைச் செய்து முடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. காய்ச்சி வடித்த தண்ணீர், கொஞ்சம் கிளிசரின், நியாசினமைடு என்கிற வெள்ளைப் பொடி, துத்தநாகம் கலந்த ஓர் உப்பு. பொடி கூடினால் முகம் சிவந்து எரியும். குறைந்தால் வெறும் தண்ணீரைத் தடவின மாதிரிதான். கெட்டிப்படுத்தும் பொடி சிட்டிகை கூடிவிட்டால் மூக்குச்சளி போல இழுக்கும். எல்லாவற்றையும் என் முகத்திலேயே போட்டுப் பார்த்தேன். இடது கன்னத்தில் புதுசு, வலது கன்னத்தில் பழசு. வேலைக்குப் போகும்போது பாதி முகம் தக்காளியாக இருக்கும். கூட வேலை பார்ப்பவர்கள் கண்டும் காணாததும் போல இருந்தார்கள். அது அவர்கள் பெருந்தன்மை.

கடைசியாகச் சேர்ப்பது பிரிசர்வேட்டிவ். கெடாமல் காக்கிற மருந்து. நூறு மில்லிக்கு ஒரு மில்லி போதும். எண்ணெயில் செய்தால் இந்தத் தொல்லை அவ்வளவு கிடையாது. தண்ணீரில் செய்த எதையும் அது இல்லாமல் மூடி வைத்தால், மூடிய நிமிஷத்திலிருந்தே உள்ளே ஒரு குடித்தனம் தொடங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சரி, அக்காவுக்கு வருகிறேன்.

என் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்து ஒரு பரு கூட வந்ததில்லை. அது அவள் குற்றமில்லை. எனக்குச் சல்லடை என்று பேர் வைத்தது அவள்தான். என் கன்னத்தில் பள்ளங்கள் விழத் தொடங்கிய வருடம் அது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். "சல்லடை, சாப்பிட வா" என்று அம்மா கூப்பிட்ட நாளில் நான் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து சாப்பிட்டேன். பசிக்கிறதே, என்ன செய்வது.

அக்கா பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். என் முகம் தெளிந்து வருவதைப் பார்த்தவள் ஒரு பாட்டில் கேட்டாள், பிறகு பத்து கேட்டாள். பிறகு மாதம் முப்பத்தாறு. நானும் செய்து கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். நாலாம் மாதம் பாட்டிலுக்கு லேபிள் வந்தது. லேபிளில் அக்காவின் முகம். 'என் முகத்துக்காக நானே உருவாக்கியது' என்று கீழே எழுதியிருந்தது. ஒரு பரு கூடப் பார்க்காத முகம். இரண்டு வருடம் எரிந்தது என் கன்னம்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பார்லரின் ஐந்தாம் ஆண்டு நிறைவுக்கு வாடிக்கையாளர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தாள். அந்த சீரத்தால் முகம் தெளிந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணாடியைப் பார்க்கவே பயந்துகொண்டிருந்தாளாம், இப்போது அக்கா புண்ணியத்தில் வெளியே நடமாடுகிறாளாம். பிறகு எல்லோரும் போட்டோவுக்கு நின்றார்கள். நானும் ஓரத்தில் போய் நின்றேன். யாரோ நான் யார் என்று கேட்டார்கள்.

"என் தங்கச்சிதான். பாட்டில் கழுவித் தருவா," என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் குனிந்து, சத்தம் வராமல் சொன்னாள். "நீ கொஞ்சம் தள்ளி நில்லு. உன் மூஞ்சி போட்டோல விழுந்தா எவ வாங்குவா?"

தள்ளி நின்றேன். எனக்குக் கோபம் வந்தது. இன்றும் இருக்கிறது. தூங்கி எழுந்தால் அது எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும். என் அக்கா நாசமாய்ப் போக வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை.

பார்லருக்கு மாதம் ஒரு கலவை; பதினைந்தாம் கலவையை ஒரு ஞாயிறு காலை செய்தேன். மேடையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். எல்லாம் அளவு பிசகாமல் எடுத்தேன். பிரிசர்வேட்டிவ் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. அவ்வளவுதான். நான் எதையும் சேர்க்கவில்லை, ஒன்றை விட்டுவிட்டேன். முப்பத்தாறு பாட்டில்களையும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், வெதுவெதுப்பான இடத்தில் ஒன்பது நாள் வைத்தேன். தினமும் ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் விட்டு எண்ணினேன். ஐந்தாம் நாளுக்குப் பிறகு எண்ண முடியவில்லை. தட்டில் ஒரு பச்சைப் பளபளப்பு படிந்திருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். கிழிந்த தோலில் பட்டால் என்ன செய்யும் என்றும் தெரியும். பரு வந்த முகத்தில் கிழியாத தோல் ஏது? கிள்ளாமல் யார் இருக்கிறார்கள்?

என் நோட்டைக் கைப்பற்றியிருக்கிறீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு டிக் இருக்கும். பதினைந்தாம் பக்கத்தில் பிரிசர்வேட்டிவுக்கு எதிரே ஒரு கோடு இழுத்திருப்பேன். சேர்க்கவில்லை என்று அர்த்தம். அங்கே ஒரு டிக் போட்டிருந்தால் இன்று நான் இந்த நாற்காலியில் இல்லை. ஆனால் நோட்டில் பொய் எழுத எனக்குக் கை வராது.

தையல்காரர் மகளைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு எதிரே அவர்கள் தையல் கடை. பெண்ணுக்குப் பதினாறு வயது. என் பதினாறு வயது முகம் அப்படியே அவளுக்கு. சமையலறை ஜன்னல் வழியாக நான் அளப்பதையும் கலக்குவதையும் அவள் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் படியேறி வந்து, "இதை நீங்கதானே செய்யறீங்க ஆன்ட்டி? பார்லர்ல அவங்க பேரைச் சொல்றாங்க. எனக்குத் தெரியும், நீங்கதான்," என்றாள். ரொம்ப தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அந்தப் பதினான்கு மாதத்தில் என்னிடம் நன்றி சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

பதினைந்தாம் கலவை பார்லருக்குப் போன மூன்றாம் நாள் மறுபடி வந்தாள். கையில் பாட்டில்.

"ஆன்ட்டி, இந்தத் தடவை வாசனை ஒரு மாதிரியா இருக்கு. போடலாமா?"

மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த வாசனை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். பார்லரில் போய்ச் சொல்வாள். மற்ற பாட்டில்கள் திரும்பி வந்துவிடும்.

"போட்டுக்கோம்மா," என்றேன். "முகத்தைக் கழுவிட்டு, ஈரத்தோட ரெண்டு சொட்டு."

ஒன்பது பேர் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னீர்கள். அவளுக்குத்தான் புண் கண் வரைக்கும் போயிருக்கிறது என்றும் சொன்னீர்கள். இடது கண்ணா, வலதா என்று கேட்டேன்.

கோபம் அக்கா மேல் என்றால் அக்காவுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். தினமும் வாடிக்கையாளர்கள் முன்னால் அவள் இரண்டு சொட்டு எடுத்துக் கன்னத்தில் தட்டிக் காட்டுவாளே, அவளுக்கு மட்டும் எப்படித் தப்பியது என்கிறீர்கள். அவள் அதிர்ஷ்டம் என்று இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நோட்டில் வராத பொய் வாயில் வருகிறது.

அக்கா தட்டிக் காட்டுகிற பாட்டிலில் வெறும் பன்னீர். சீரம் தன் தோலுக்குக் கடுமை என்று முதல் மாதமே தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதை மாதாமாதம் நிரப்பித் தந்ததும் நான்தான். பதினைந்தாம் மாதமும் கடையில் புதுப் பன்னீர் வாங்கி, பாட்டிலைக் கொதிநீரில் கழுவி, நிரப்பிக் கொடுத்தேன். அவள் முகத்தில் ஒரு கீறல் கூட விழாது என்று எனக்கு முதலிலேயே தெரியும்.

அவளைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. சிறுவயதிலிருந்தே வந்ததில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்களே, அந்த முகங்களெல்லாம் நான் கொடுத்தவை. என் கன்னத்தை எரித்துக் கொடுத்தவை. அதை வாங்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்து அழுதார்கள். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். முப்பத்தாறு பேருக்கும் தெரிந்தே செய்தேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தையல்காரர் மகளை ஒரு தடவை பார்க்க விடுவீர்களா? கட்டுப் பிரித்ததும், முகத்துக்கு என்ன போடுவது என்று அந்தப் பிள்ளைக்குக் குழப்பமாக இருக்கும். கண்டவர் பேச்சைக் கேட்டு எதையாவது பூசிக்கொள்ளப் போகிறாள். நான் சொன்னால் கேட்பாள்.