மூன்றாவது துளை

ஒரு பிளக் பாயிண்ட்டைச் சுவரில் கோணாமல் பொருத்துவது பார்க்கத்தான் சுலபம். ஸ்கிராண்டனில் எங்கள் தெரு வீடுகளில் நேரான சுவரே கிடையாது. அதனால் ஒவ்வொன்றையும் மட்டம் பார்த்துத்தான் திருகினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

அம்மா போனபிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான். வீட்டை விற்பதற்கென்றே அக்கா வெர்னா ஃபுளோரிடாவிலிருந்து வந்து இறங்கினாள். வீடு முழுக்கப் பழைய இரண்டு துளைப் பாயிண்ட்டுகள். சுவருக்குள் எர்த் வயரே ஓடவில்லை.

"டேய் எமில், ரெண்டு ஓட்டைய வச்சுக்கிட்டிருந்தா எவன்டா வாங்குவான்? மூணு ஓட்டையா மாத்து. ஒரு வேலையாவது உருப்படியா செய்."

"வித்துட்டா நான் எங்கக்கா போவேன்?"

"ஒனக்கென்ன, ஒண்டிக்கட்டை. எங்கயாச்சும் ஒரு ரூம் பாத்துக்க."

மனசு வலித்தது, மறைக்கவில்லை. ஆனாலும் சரி என்றேன்.

எங்கள் ஊரில் பலரும் செய்கிற குறுக்குவழி ஒன்று உண்டு. பாயிண்ட்டுக்குள் மூன்றாவது துளைக்கு ஒரு துண்டு வயரை முடுக்கி, இல்லாத எர்த்தை இருப்பதாகக் காட்டிவிடுவது. விற்பனைக்கு முன் வீட்டைச் சோதிக்க வந்தவர் தன் கருவியைச் செருகிப் பார்த்தார். எல்லாம் சரி என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. நிலவறையில் வாஷிங் மெஷின் பாயிண்ட்டிலும் எரிந்தது. அங்கே மட்டும் வயர்களை நான் இடம் மாற்றியிருந்தேன். அந்தக் கருவிக்கு அது தெரியாது, மெஷினின் உடம்பெல்லாம் கரண்ட் நிற்கும். ஆலையில் எலெக்ட்ரீஷியனாகவே காலம் தள்ளியவன் நான், எனக்குத் தெரியும்.

அவள் கைக்கு லேசாக ஒரு ஷாக். வீட்டைக் கண்டாலே பயந்து அவள் ஊர் திரும்பவேண்டும். அவ்வளவுதான் நான் வேண்டியது.

நிலவறைக்கு அவள் சின்ன வயதிலிருந்தே வெறுங்காலோடுதான் இறங்குவாள். அம்மா கத்திக் கத்தி ஓய்ந்துபோனாள். அங்கே சிமெண்டுத் தரை எப்போதும் ஈரம்தான். வியாழக்கிழமை, அம்மாவின் ஜன்னல் திரைகளைத் துவைக்க இறங்கினாள். மேலே நான் பியரோகிக் கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன், இருவருக்கும் சேர்த்துத்தான். ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தேன். அவள் கூப்பிடவில்லை.

கூடப்பிறந்தவளைக் கொல்ல யாராவது நினைப்பார்களா?

வீட்டில் மெஷினை வைத்துக்கொண்டு, அந்த வாரம் முழுக்க என் துணியை ஏன் தெருமுனைச் சலவைக்கடைக்குத் தூக்கிப்போனாய் என்று கேட்டீர்கள். வீட்டுத் தண்ணீரில் சட்டை வெளுப்பதில்லை, சார். பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறேன். அந்த வாரம்தான் அது என் கண்ணில் பட்டது.