முழங்கால் உயர மாதுளை

மாப்பிள்ளை: இது முழங்காலுக்குக்கூட வரல மாமா. கீரைக்கட்டு மாதிரி நிக்குது.

மாமனார்: நீங்க பொறந்தப்போ எவ்ளோ உயரம் இருந்தீங்க மாப்ள?

மாப்பிள்ளை: அந்தத் தொட்டியில நிக்கிறதப் பாருங்க. என் உயரம். ரெண்டு மாதுளை வேற தொங்குது. அடுத்த மாசம் வேலைக்குப் போறதுக்குள்ள ஒண்ணாவது பறிச்சுத் தின்னுட்டுப் போறேனே.

நர்சரிக்காரம்மா: நட்டதும் அந்த ரெண்டையும் கிள்ளிப் போட்டுடணும் சார்.

மாப்பிள்ளை: ஏங்க?

நர்சரிக்காரம்மா: வேரு தொட்டிக்குள்ளயே சுத்திச் சுத்திக் கிடக்கு. புது மண்ணுல ஒரு வருஷம் பேய்முழி முழிக்கும். சின்னது சட்டுனு பிடிச்சுக்கும். மூணாவது வருஷம் ரெண்டும் ஒரே உயரம்.

மாமனார்: கேட்டீங்களா!

மாப்பிள்ளை: பெருச வித்தாத்தானே உங்களுக்கு லாபம்?

நர்சரிக்காரம்மா: வித்துட்டு, அடுத்த வருஷம் உங்ககிட்ட ஏச்சு வாங்கவா? ஆனா ஒண்ணு... சின்னதுக்கு ரெண்டு கோடை தண்ணி தவறக்கூடாது.

மாப்பிள்ளை: அதான் மாமா. நான் போயிட்டா யாரு ஊத்துறது? அந்த முட்டியை வெச்சுக்கிட்டு வாளி தூக்குவீங்களா?

மாமனார்: மாட்டேன்.

மாப்பிள்ளை: பின்ன?

மாமனார்: பின்ன... அதுபாட்டுக்குக் கிடக்கும்.

நர்சரிக்காரம்மா: காஞ்சிடும் ஐயா.

மாமனார்: இவ்வளவு நேரம் நல்லாத்தானே பேசிட்டிருந்தே நீ!

நர்சரிக்காரம்மா: பொண்ணும் மாப்பிள்ளையும் ஊரை விட்டுப் போறாங்கன்னா மனசு கஷ்டப்படத்தான்...

மாப்பிள்ளை: அவ இல்லைங்க. ரெண்டு வருஷம் ஆச்சு.

நர்சரிக்காரம்மா: அடடா...

மாமனார்: வீட்டுல நாங்க ரெண்டு பேருதாம்மா. இவர் சமைப்பாரு. நான் குறை சொல்லுவேன்.

மாப்பிள்ளை: சொல்லிட்டு ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிடுவாரு.

மாமனார்: பசி மாப்ள. வேற வழி?

நர்சரிக்காரம்மா: சரி... எதை எடுக்கட்டும்?

மாமனார்: பெருசையே எடும்மா. அவர் கேட்டதைக் குடு. கிள்ளுறதுக்கு முன்னாடி கண்ணாலயாவது பார்த்துட்டுப் போகட்டும்.

மாப்பிள்ளை: வேணாம். சின்னதே குடுங்க.

மாமனார்: தண்ணி?

மாப்பிள்ளை: நான் ஊத்துறேன்.

மாமனார்: அங்க இருந்துக்கிட்டா? எவ்ளோ நீளத்துக்குக் குழாய் போடப் போறீங்க?

மாப்பிள்ளை: மாமா... வேலைக்கு வர்றேன்னு எழுதி, ஒரு லெட்டர் குடுத்தேனே. தபால்ல போட்டீங்களா?

மாமனார்: அது... அன்னிக்கு நல்ல மழை...

மாப்பிள்ளை: மூணு வாரமாவா?

நர்சரிக்காரம்மா: நான் போய் சாக்கு எடுத்துட்டு வரேன்.

மாமனார்: நில்லும்மா, நீ எங்க போறே... போடல மாப்ள. தபால்பெட்டி வரைக்கும் போனேன். கை வரல. தப்புதான். இப்பவே போட்டுடறேன். பாருங்க, கவர் சட்டைப் பையிலயே இருக்கு. ஒட்டினது ஒட்டினபடி...

மாப்பிள்ளை: ஒட்டினது நான்தான் மாமா, ரெண்டாந்தரம். உங்க சட்டையெல்லாம் யாரு துவைக்கிறாங்கன்னு நினைச்சீங்க? உள்ளே இருந்த லெட்டரைப் போன வாரமே கிழிச்சுப் போட்டாச்சு. நீங்க எப்போ வாயைத் திறப்பீங்கன்னுதான் பார்த்துட்டிருந்தேன்.