அந்தப் பக்கத்தில் இருந்த மோட்டார்

எங்கள் கணபதி பட்டறைக் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஒரு கேள்வி வரும்: விண்டோசா, லினக்சா? ஐந்து விநாடி சும்மா இருந்தால் விண்டோஸ் தானாகவே திறந்துகொள்ளும். ஒரே ஹார்டு டிஸ்கை இரண்டாகப் பிரித்து அப்படி அமைத்தவன் நான்தான், ஐயா. தொண்ணூற்றெட்டில் கோவையில் அந்த வேலைக்கு ஆள் குறைவு.

லினக்ஸ் என்று ஒரு பக்கம் இருப்பதே விண்டோசுக்குத் தெரியாது. சோதனைக்கு வரும் அதிகாரிகள் விண்டோசைத்தான் பார்ப்பார்கள். அங்கே எங்கள் சப்மெர்சிபிள் மோட்டார்கள் எல்லாமே மின்கசிவுச் சோதனையில் தேறியிருக்கும். உண்மையான அளவுகளை லினக்சில் எழுதிவைத்தேன். ஒன்றைக்கூடக் குறைத்து எழுதியதில்லை. நான் கடவுளுக்குப் பயந்தவன்.

முதலாளி ரங்கராஜ் கெட்டவர் அல்ல. "தேறாததையெல்லாம் வைண்டிங் பிரிச்சு மறுபடி கம்பி சுத்துனா சீசன் போயிரும் கண்ணு. நாப்பது குடும்பம் இருக்குதல்ல?" என்றார். அந்த நாற்பது வீட்டுக் குழந்தைகளையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

மாசாணியம்மாள் தாராபுரம் பக்கமிருந்து மகன் சென்னியப்பனோடு மோட்டார் வாங்க வந்தார். நல்ல வெயில். இருவருக்கும் மோர் கொடுத்தேன்.

"ஏனுங்க தம்பி, போன வருசம் பக்கத்துத் தோட்டத்துல கரண்டு அடிச்சு மாடு செத்துப்போச்சுங்க. இது நல்லதுதானுங்களா?"

"கம்ப்யூட்டரே பாஸ் போட்டிருச்சும்மா. இனி உன்னைக் கேக்காம அது யாரையும் அடிக்காது" என்று சிரித்தார் சென்னியப்பன்.

நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். அப்போது திறந்திருந்தது விண்டோஸ். அந்தப் பக்கத்தில் அந்த மோட்டார் தேறியிருந்தது. "நல்லதுங்கம்மா" என்றேன். கண்ணெதிரே இருந்ததைச் சொன்னேன். அது எப்படிப் பொய்யாகும்? மறுபக்கத்தைப் பார்க்க மெஷினை நிறுத்தித் திரும்பப் போட வேண்டும். அவர்களுக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

புது மோட்டார் இறக்கினால் முதல் தண்ணீருக்குப் பூசை போடுவார்கள். அன்பாகக் கூப்பிட்டார்கள், மறுக்க மனம் வரவில்லை. தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு போனேன். மாசாணியம்மாளும் சென்னியப்பனும் அவர் மனைவி கோமளாவும் வெறுங்காலோடு வாய்க்காலில் இறங்கி, இரும்புக் குழாயின் வாயருகே நின்றார்கள்.

"உங்க கையால சுச்சுப் போடுங்க தம்பி, ராசியா இருக்குமுங்க" என்றார் அந்த அம்மா.

போட்டேன். தண்ணீர் வந்தது. மூவரும் ஒன்றாகக் குனிந்து குழாயைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நிமிரவில்லை.

பட்டறைக்குத் திரும்பி, லினக்சில் அந்த மோட்டாரின் எண்ணுக்கு நேரே மூன்று பெயரையும் எழுதினேன். அவர்களுக்காக யாராவது அதைச் செய்ய வேண்டுமே. அதன்பிறகு கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் அந்த ஐந்து விநாடியில் மூன்று முதுகுகள் குனிந்தபடியே இருக்கின்றன. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் போவதில்லை.

சுவிட்சைப் போட்ட அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தெரியாது, ஐயா. லினக்ஸ் பக்கம் அன்று என் மனதில் திறக்கவே இல்லை. சாமி காரியத்தில் காலில் எதையும் போட்டுக்கொண்டு நிற்கிறவனும் அல்ல நான். அன்று காலை காந்திபுரத்தில் வாங்கிய ரப்பர் பூட்ஸை மட்டும் கடைசிவரை கழற்றவில்லை.