ஏழடி லிப்ட்டில் எட்டரை அடிக் குழாய்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, செவிலியர் சகோதரிகளே, பராமரிப்புப் பிரிவுத் தோழர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி இருக்கும் அக்காவின் கணவர், எங்கள் மாமா அவர்களே, வணக்கம்.

நம் மருத்துவமனையின் பராமரிப்பு மேற்பார்வையாளர், எப்போதும் கையில் அளவு டேப்போடு வந்ததால் நாம் எல்லோரும் ‘டேப் அக்கா’ என்று கூப்பிட்ட அம்மையார், போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பால் நம்மை விட்டுப் போய்விட்டார். குழாய் வேலை செய்கிற எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

போன வருடம் ஆறாவது மாடிக் குழந்தைகள் வார்டில் ஆக்சிஜன் குழாய் விரிசல் விட்டது. பதினான்கு குழந்தைகள். கைவசம் இருந்த சிலிண்டர்கள் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். மாற்றுக் குழாய் கீழே வந்து இறங்கியது. நீளம் எட்டரை அடி. இரு முனையிலும் திருகி மாட்டினால் போதும். ஆனால் மாடிப்படி வளைவில் அது திரும்பவில்லை. லிப்ட்டின் உயரமோ ஏழடி.

“அறுத்துடலாம்க்கா, மேல போய் ஒட்டிக்கலாம்” என்றேன்.

“ஒட்டணும்னா நெருப்பு வேணும். ஆக்சிஜன் பக்கத்துல நெருப்பு வைப்பியா?”

எடுத்த ரம்பத்தைக் கீழே வைத்தேன்.

அக்கா லிப்ட்டுக்குள் மண்டியிட்டு அளந்தார். அகலம் நாலடி, ஆழமும் நாலடி. சுவரோடு சாய்த்தால் எட்டடிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். வார்டிலிருந்து இறங்கி வந்த ஒரு தாய், “முடியுமாம்மா?” என்று கேட்டார். “ஒரு நிமிஷம் இருங்கம்மா” என்று சொல்லிவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார்.

“தரையில மூலைக்கு மூலை பாரு. நாநாலு பதினாறு, இன்னொரு பதினாறு, ஆக முப்பத்திரண்டு. உயரத்துக்கு ஏழேழு நாற்பத்தொன்பது. சேர்த்தா?”

“எண்பத்தொண்ணு.”

“எதை அதாலேயே பெருக்கினா எண்பத்தொண்ணு வரும்?”

“ஒன்பதை.”

“அப்போ தரையோட இந்த மூலையிலேர்ந்து கூரையோட எதிர்மூலைக்கு ஒன்பதடி இருக்கு. தூக்கு.”

ஒரு முனையை உள்ளே கூரை மூலைக்கு ஏற்றி, மறுமுனையை வாசலோரத் தரை மூலையில் இறக்கினோம். கதவு மூடியது. சிலிண்டர் தீர இருபது நிமிடம் இருக்கையில் புதிய குழாயில் ஆக்சிஜன் ஓடியது. அந்தத் தாய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றோடு விட்டாரா? ஒவ்வொரு லிப்ட்டாக அளந்து, மூலைக்கு மூலை நீளத்தை உள்ளே எழுதி ஒட்டத் தொடங்கினார். யாராவது சொல்லியா செய்தார்? பதினொரு லிப்ட்டில் ஏழு முடிந்தது.

மீதி நான்கை யார் அளப்பது? நாளைக் காலை எட்டு மணிக்கு நாங்கள் தொடங்குகிறோம். கணக்கில் நான் தடுமாறுவேன். தப்பாக அளந்தால் திட்டுவதற்கு இனி அக்கா இல்லை. அதனால் இரண்டு முறை அளப்போம்.