இன்னும் காயாத படம்

— இன்னும் காயலையா? மூணு வாரமாச்சு புள்ள. கம்பளியத் தொவச்சுப் போட்டாக்கூட இந்நேரம் காஞ்சிருக்கும்.

— மழைக்கா. நெகட்டிவ்ல ஈரம் ஏறுச்சுன்னா புள்ளி புள்ளியா விழுந்துடும். மொதல்ல உக்காருங்க. படியேறி வந்து மூச்சு வாங்குது உங்களுக்கு.

— படியெல்லாம் ஒண்ணுமில்ல. கீழ மில்லுல மொளகா அரைக்கிறான். எப்படிப் புள்ள இதுக்கு மேல குடியிருக்க?

— பழகிப்போச்சு. மில்லு ஓடாத நாள்லதான் ஒரு மாதிரி இருக்கும். கோப்பி ஊத்தட்டுமா? கறிபாப்பும் வாங்கி வச்சிருக்கேன்.

— நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— ஞாயித்துக்கிழமதான உங்களுக்கு ஆஸ்பத்திரியில லீவு. போன வாரம் ரெண்டு மணிக்கு வந்தீங்க. அதுக்கு முந்தின வாரம் ரெண்டேகால்.

— அடியம்மா! எங்க மேட்ரன் கெட்டா போ. வார்டு ஆயாவுக்கு அவகூட இப்படி நேரம் குறிக்க மாட்டா. ஒரு கறிபாப் போதும், ரெண்டு வைக்காத.

— ரெண்டும் உங்களுக்குத்தான்.

— சரி ஜோசபின், ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி விழாவுல எங்களையெல்லாம் படமெடுத்தியே, அதுக்கு விழா நடத்துன சங்கத்துல உனக்கு என்னா குடுத்தாங்க?

— ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான் வந்தேன். எங்க கோயில்ல பூசை முடிஞ்சு அறிவிச்சாங்க. சண்டை நேரத்துல ஐ.என்.ஏ.வுல இருந்தவங்களுக்கு மரியாதை பண்ணப் போறாங்க, படமெடுக்க ஆளு வேணும், சம்பளம் கெடையாதுன்னு. யாராச்சும் கை தூக்குவாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன்.

— யாரும் தூக்கல. நீ தூக்கிட்ட.

— நானும் தூக்கல. எல்லாரும் போனப்புறம் சங்கச் செயலாளர் தனசேகரன்கிட்ட துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துட்டு ஓடி வந்துட்டேன்.

— ஏன், வாயில்லையா உனக்கு?

— இருக்கு. இந்த ரூமுக்குள்ள இருக்கு.

— நல்ல பொண்ணுலா நீ. அன்னிக்கும் அப்படித்தான். மைக்குல ‘முத்தாயி, ஐ.என்.ஏ. ராணிப் படை’ன்னு கூப்ட்டதும் மேடையேறினேன். மாலையப் போட்டாங்க, சல்யூட் அடிச்சேன். நீ தோள்ல பிளாஷ் பொட்டிய மாட்டிகிட்டு நாற்காலி மேல நிக்கிற. ‘தாடையக் கொஞ்சம் தூக்குங்க’ங்கற. சத்தமே வரல. வாயி மட்டும் அசையுது.

— ஆனா நீங்க தூக்குனீங்க.

— தூக்கினேன்ல? எப்படிப் புள்ள இருந்துச்சு?

— மாலை ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. கை மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நேரா. நெத்தி வேர்வைகூட மினுங்குது.

— மினுங்குதா? அப்ப படத்தப் பாத்துட்டியா?

— இல்ல… மினுங்குச்சு. எடுக்கும்போது.

— சீக்கிரம் போட்டுக் குடு தங்கச்சி. சும்மா செவுத்துல மாட்டி அழகு பாக்கக் கேக்கல. எங்கண்ணன் கையில குடுக்கணும்.

— அண்ணன் இருக்காரா? சொல்லவே இல்லியே.

— இருக்கான், குளுவாங் ரப்பர் தோட்டத்துல. தங்கராஜுன்னு கேட்டா நடுங்குவாங்க, ஆளுங்கள வேல வாங்குற மண்டோரு அவன். பதினேழு வருசமா எங்கூடப் பேச்சில்ல.

— எதுக்கு?

— பதினெட்டு வயசுல அவன்கிட்டச் சொல்லாம படையில சேர வந்துட்டேன். அவன் என்னா செஞ்சான்? என் தங்கச்சி லோரிக்காரன்கூட ஓடிட்டான்னு தோட்டம் பூரா சொல்லிட்டான். சண்டை முடிஞ்சு திரும்பிப் போனா லயத்துக்குள்ளயே விடல. ‘பொம்பளைங்களுக்கு எவன்டி துப்பாக்கி குடுத்தான்?’ங்கறான்.

— உடுப்பு இருந்திருக்குமே. பேரு போட்ட சீட்டு ஏதாச்சும்?

— வெள்ளக்காரன் திரும்பி வர்றான்னதும் எல்லாத்தையும் அடுப்புல போட்டோம். புடிச்சு உள்ள வச்சிடுவானோன்னு பயம். என் பேரு இருந்த தாளு ஒண்ணுகூட இல்ல. விழாவுல போட்ட பொன்னாடையக் காட்டினா, தேக்கா மார்க்கெட்டுக் கடையில யாரு வேணும்னாலும் வாங்கலாம்பான்.

— இப்ப மட்டும் ஏன் படம் கேக்கறாரு?

— அவன் மக கண்மணி எனக்குக் கடுதாசி போட்டா. அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். அத்தை வரணும்னு அப்பன்கிட்டச் சண்ட போட்டிருக்கா. விழாவப் பத்தியும் சொல்லியிருக்கா. அதுக்கு அவன், ‘சல்யூட் அடிச்ச படத்தக் கொண்டாந்து காட்டச் சொல்லு. இருந்தா நானே வாசலுக்கு வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்’னானாம்.

— படத்தப் பாத்தா நம்பிடுவாரா?

— நம்புவான். முரடன், பொய்க்காரன் இல்ல. அவன் சொன்ன லோரிக்காரன் கதைய அவனே நம்பிட்டான், அதான் சூசா, பெரிய தொல்ல. கண்மணி இன்னொண்ணும் எழுதியிருக்கா. தோட்டத்துல புள்ளைங்களப் பாத்துக்கற ஆயா வேல காலியா இருக்காம். அங்கயே வந்து இருந்துடுங்கங்கறா.

— போயிடுவீங்களா?

— அண்ணன் கூப்ட்டா அன்னிக்கே போயிடுவேன். ஆஸ்பத்திரி கோட்ரஸ்ல ஒரு கட்டிலு, ஒரு தகரப் பொட்டி. இந்த ஊர்ல எனக்கு யாரு புள்ள இருக்கா?

— கோப்பி ஆறுதுக்கா.

— அடுத்த வாரம் கெடைச்சிடுமா?

— பாக்கறேன். ரெண்டு மணிக்குத்தான வருவீங்க?

* * *

— வர்ற ஞாயித்துக்கிழம கல்யாணம். இன்னிக்கிக் குடுத்தாத்தான் உண்டு.

— பேப்பர் இல்லக்கா. படம் போடுற பேப்பர். கடையில ஸ்டாக் வரலங்கறான்.

— போன வாரம் பல்பு போச்சுன்ன.

— பல்பு மாத்தியாச்சு. இப்ப பேப்பர்.

— அதுக்கு முந்தி மழை. உன் ஸ்டூடியோவுக்கு என் பேருல ஏதோ ராசி சரியில்ல. உங்கண்ணன் இருக்காருல்ல, காத்தோங்ல? அவருகிட்டக் கேட்டா வாங்கித் தர மாட்டாரா?

— இயேசுதாசன் அண்ணன் கிறிஸ்மஸுக்குத்தான் வருவாரு. கேக் குடுத்துட்டு வாசல்லயே திரும்பிடுவாரு. அண்ணிக்கு மொளகா நெடி ஆகாது.

— ஆளுங்களும் வரக் காணோம். நான் வர ஆரம்பிச்சதுலேர்ந்து ஒருத்தனும் இந்த நாற்காலியில உக்காந்து பாக்கல.

— ஐசி அடையாள அட்டைப் படத்துக்கு வருவாங்க. இப்ப மெயின் ரோட்டுல பெரிய ஸ்டூடியோ வந்துடுச்சு. அப்பா இருந்தப்ப கீழ வரைக்கும் வரிசை நிக்கும். இப்ப யாராச்சும் வந்தா, ‘உக்காருங்க, நேரா பாருங்க, அசையாதீங்க.’ சில நாளு நான் பேசறது அவ்வளவுதான். வராத நாளு அதுவும் இல்ல.

— பள்ளிக்கூடத்துலயாச்சும் யாரும் கூட்டாளி இல்லையா?

— ஆறாவதோட நின்னுட்டேன். அம்மாவுக்கு முடியல. அப்புறம் அப்பாவுக்கு முடியல. அப்புறம் பாத்தா எனக்கு முப்பது வயசு.

— அட போ, சிரிப்ப பாரு. இதுக்கா சிரிப்பாங்க?

— அக்கா, போன வாரம் முகாம் கதைய பாதியில விட்டுட்டீங்க. கால்சட்டை குடுத்தாங்கன்னு சொன்னீங்க.

— கதை கேக்கற நேரமா இது?

— சொல்லுங்கக்கா.

— வாட்டர்லூ ஸ்திரீட் முகாம்ல மொத நாளு. கால்சட்டையப் போட்டுகிட்டு நாங்க மூணு பேரு, வெளிய வரவே மாட்டோம்னு ரூமுக்குள்ள அழுவுறோம். இழுத்துட்டு வந்து நிறுத்துனாங்க. ரெண்டு வருசம் ஓடிப்போச்சு. முகாமக் கலைச்சிட்டாங்க, பொடவையக் கட்டிகிட்டு வீட்டுக்குப் போங்கன்னாங்க. அதே மூணு பேரும் பொடவையக் கையில வச்சுகிட்டு, வெளிய வர மாட்டோம்னு மறுபடி அழுதோம்.

— அந்த மத்த ரெண்டு பேரு?

— ஒருத்தி போய்ச் சேந்துட்டா. இன்னொருத்தி அன்னம்மா, எங்கயோ ஈப்போ பக்கம்னாங்க. அதான் சொல்றேன், எனக்குச் சாட்சி அந்தப் படம் மட்டுந்தான். ஜோசபின், நான் இங்கயே உக்காந்திருக்கேன். நீ வேற கடையில கேட்டுட்டு வா.

— ஞாயித்துக்கிழமக்கா. எல்லாம் சாத்தியிருக்கும்.

— அப்ப ஒண்ணு செய். சனிக்கிழம வரைக்கும் உனக்கு டைம். நான் வார்டுல இருப்பேன், வர முடியாது. ஞாயிறு காலையில ஏழு மணிக்கு குவீன் ஸ்திரீட்ல குளுவாங் பக்கம் போற ஜோகூர் பஸ்ஸு. நீ அங்க கொண்டாந்து குடுத்துடறியா?

— குவீன் ஸ்திரீட்டுக்கா?

— என்னா புள்ள? தூரமா?

— இல்ல. வர்றேன்.

— கண்டிப்பா?

— வர்றேன்கா.

— கொஞ்சம் சத்தமாச் சொல்லு, நம்பறேன்.

— வர்றேன்.

* * *

— உனக்காகக் காத்து நின்னு ஏழு மணி பஸ்ஸ விட்டுட்டு எட்டு மணி பஸ்ல போனேன்.

— அக்கா… போன வாரம் நீங்க வரல. இனிமே வர மாட்டீங்கன்னு நெனச்சேன்.

— வரக் கூடாதுன்னுதான் இருந்தேன். நகரு, உக்கார்றேன்.

— குளுவாங்ல… என்னா சொன்னாரு?

— சட்டை போட்டுகிட்டு சந்தனக் கிண்ணத்தோட வாசல்ல நிக்கிறான். தலை பூரா நரைச்சுப்போச்சு அவனுக்கு. பாத்ததும் எனக்கு அழுவை வந்துடுச்சு. அவனுக்கும் கண்ணு கலங்குச்சு புள்ள, நான் பாத்தேன். ‘எங்க படம்?’ன்னான். பின்னால வருதுன்னேன். அவ்வளவுதான், மொகம் மாறிப்போச்சு. ‘கேட்டீங்களா, பின்னால வருதாம். லோரியில வருதாம்’னான். பந்தல் பூராவும் சிரிச்சுது.

— கண்மணி?

— மணவறையில இருக்கா. எந்திரிச்சு வர முடியுமா? ரோட்டுக்கு அந்தாண்ட நின்னு மேளம் அடிச்சு முடியற வரைக்கும் கேட்டேன். தாலி கட்டியாச்சுன்னு தெரிஞ்சதும் பஸ்ஸுக்கு வந்துட்டேன்.

— சாப்பிடலியா?

— சாப்பாடா கேக்கற நீ?

— வேற என்ன கேக்கறதுன்னு தெரியலக்கா.

— நான் கேக்கறேன். எங்க ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் காதர் மைதீன் அண்ணன், முன்னாடி கல்யாண வீட்ல படமெடுக்கறவன்கிட்டப் பொட்டி தூக்கினவரு. பிலிம் தீந்துபோனா சொல்ல மாட்டாங்களாம். நிக்கிறவங்க மனசு நோகக் கூடாதுன்னு வெறும் பிளாஷ மட்டும் அடிச்சு விடுவாங்களாம். பளிச்சுன்னதும் எல்லாரும் சந்தோசமாப் போயிடுவாங்களாம். நெஜமா?

— நெஜந்தான். எங்கப்பாவும் செஞ்சிருக்காரு.

— அன்னிக்கு மேடைக்கி வந்த முப்பது பேருல மத்த எல்லாருக்கும் சங்கத்துலேர்ந்து படம் போய்ச் சேந்துடுச்சு. எனக்கு மட்டும் இல்ல. கேட்டா, ‘அந்தப் பொண்ணு உங்க படத்த நேர்ல குடுக்கறேன்னுச்சு’ங்கறாரு தனசேகரன். மழை, பல்பு, பேப்பர் எல்லாம் எனக்கு மட்டுந்தானா? என் மொகத்தப் பாத்துச் சொல்லு. கடைசி ஆளா என் பேரக் கூப்ட்டப்ப உன் கேமராவுல பிலிம் இருந்துச்சா?

— இருங்க, கோப்பி ஊத்தறேன்.

— திட்ட மாட்டேன் புள்ள. சொல்லிடு.

— …இல்லக்கா.

— தீந்துடுச்சா?

— உங்களுக்கு முன்னாடி நின்னவரோட தீந்துடுச்சு.

— அப்ப தாடையத் தூக்கச் சொன்னது?

— உங்க மொகம் வாடிடக் கூடாதுன்னு.

— ம்ம். இத மொத நாளே சொல்லியிருந்தா, நான் கண்மணிக்கு எழுதியிருப்பேன், படம் இல்ல, வரலன்னு. பந்தல்ல போயி நின்னிருக்க மாட்டேன்.

— தெரியும்.

— ரெண்டு வாரமா உன்ன மனசுக்குள்ள அடிச்சுத் தொவச்சேன். வார்டுல பாத்திரத்தப் போட்ட போடுல மேட்ரன் என்னா முத்தாயின்னு ஓடி வந்தா. அப்புறம் இன்னிக்குக் காலையில தலை சீவும்போது ஒண்ணு தோணுச்சு. இந்தப் பதினேழு வருசத்துல நான் பேசப் பேச எந்திரிச்சுப் போகாம உக்காந்து கேட்டது யாரு? கூடப் பொறந்தவன் கேக்கல. வார்டுல கேக்க நேரமில்ல. நீதான் கேட்ட. அந்தக் கால்சட்டைக் கதைய நீ மறுபடி சொல்லச் சொன்னியே, அத நான் நெனச்சு நெனச்சுப் பாத்தேன்.

— அக்கா, வேணாம்…

— பேச விடு. அண்ணன் கணக்கு முடிஞ்சுபோச்சு. இனிமே குளுவாங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல, இங்கதான் கெடப்பேன். படம் போனா போவுது, உன்மேல எனக்கு வருத்தமில்ல. ஓசியில வந்து உதவி செஞ்ச புள்ள நீ, பிலிம் தீந்தா என்னா செய்வ? நான் இனிமே படம் கேட்டு வரல. சும்மா வர்றேன். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம. நெத்திலி சம்பல் செஞ்சு கொண்டாரேன், நீ சோறு மட்டும் வையி. வரலாமா?

— …

— என்னாலா இது, வரலாமான்னு கேட்டா தலையத் தொங்கப் போடுற. என்னா புள்ள? எதுக்கு இப்படி அழுவுற? புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லு, நான் வரல.

— வாங்க. எனக்கு நீங்க வரணும், வரணும்னுதான்… அக்கா, பிலிம் தீரல. படம் இந்த மேசைக்குள்ள இருக்கு. நீங்க மொதல் தடவ படியேறி வந்தப்பவே இருந்துச்சு.