கபிலப் புகையும் இரசாயன சேரும்

வெள்ளவத்தையில் பொரளை பஸ்ஸில் ஏறிய இரண்டு டியூஷன் ஆசிரியர்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். இரசாயனம் படிப்பிப்பவர் சொன்னார்:

"இருபது வருசமாப் படிப்பிக்கிற நைதரசனீரொட்சைட்டு வாயுவை இண்டைக்குக் காலமைதான் முதன்முதலாக் கண்டனான்."

"எங்க?" என்றார் கணித ஆசிரியர்.

"வீட்டுக் குசினியில. வகுப்புக்கு வீடியோ எடுக்கச் செப்புக்கம்பியில நைத்திரிக் அமிலம் விட்டனான். நல்ல கபில நிறம். காத்தில கலைஞ்சிடும் எண்டு யன்னலையும் பூட்டினனான்."

"அது நச்சு வாயு எண்டு நீங்கதானே படிப்பிக்கிறனீங்க?"

"ஓம். காத்தோட்டமான இடத்தில மட்டும் செய்ய வேணும் எண்டு போர்ட்டில பெரிசா எழுதுவன். எழுத்தும் நல்ல வடிவு."

அவர் இருமினார்.

"எப்ப தொடங்கின இருமல்?"

"சும்மா செருமல். நான் இப்ப நல்ல சுகம். ஹெவ்லொக் டவுனில இறங்கினா வகுப்புக்குச் சரியாப் போகலாம்."

"இதுக்கு உங்கட நோட்ஸில என்ன கிடக்கு, சேர்? என்ட மகள் சத்தம் போட்டுப் பாடமாக்கினவள்."

பஸ் நின்றது. இறங்க எழுந்தவர் கம்பியைப் பிடித்தபடி ஒப்புவித்தார்:

"சுவாசித்தவர் சுகமாக இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சில மணித்தியாலங்களின் பின்னரும் நுரையீரலில் நீர் கட்டலாம்."

ஒப்புவித்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"பொரளை ஆஸ்பத்திரிக்கே போவம். டொக்டரிட்ட ஒண்டும் மறைக்க மாட்டன். என்ன பாடம் படிப்பிக்கிறனீங்க எண்டு கேட்டா மட்டும், கணிதம் எண்டு சொல்லுவம்."