குறுக்குக் குழாய்

நான் அதிகமாகத் தண்ணீர் குடிக்கிற ஆள் இல்லை. தேநீர் இருந்தால் போதும். நீங்கள் வரவழைத்துக் கொடுத்த இந்தத் தேநீர் நன்றாக இருக்கிறது, நன்றி. அந்த ஃபில்டரை எனக்காக மாட்டவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி பத்ரியாவுக்காக மாட்டினேன்.

என் பெயர் லஃப்தா. வயது ஐம்பத்தாறு. பஸ்ரா துறைமுக அலுவலகத்தில் பழைய கோப்புகளை அடுக்கி வைக்கும் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன். கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. கப்பலைப் பற்றிய காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியும். வீட்டிலும் ஏறக்குறைய அதே நிலைதான். ஆணி அடித்தால் சுவர் விரியும். பல்பு மாற்றினால் அடுத்த வீட்டிலும் சேர்த்து இருட்டாகும். பத்ரியா என் சித்தப்பா மகள், நம் ஊர் வழக்கப்படி எனக்கே கட்டிவைத்தார்கள், சின்ன வயதிலிருந்து என்னை அறிந்தவள். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தாலே அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"லஃப்தா, அதத் தொடாத. நீ தொடாம இருந்தா அது இன்னும் பத்து வருஷம் ஓடும்."

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் அந்த வீட்டில் என்னை மதிக்கவும் ஆள் இல்லை, மதிக்காமல் இருக்கவும் அவளைத் தவிர ஆள் இல்லை.

பஸ்ராவில் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடிக்கவும் சமைக்கவும் தெருமுனை அபு சல்வான் கடையிலிருந்து கேன் வரும். குளிக்கவும் துவைக்கவும் குழாய். "இந்தத் தண்ணில குளிச்சா என்னைய யாரோ ஊறுகாய் போட்ட மாதிரி இருக்கு" என்பாள் பத்ரியா. கைகளில் தடிப்பு, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. இந்த வருடம் குளிர்கால முடிவில், அவளிடம் சொல்லாமல், வீடு முழுவதற்குமான ஃபில்டர் ஒன்றை வாங்கி வந்தேன். என் உயரத்துக்கு மூன்று நீல உருளைகள். ஒன்றில் மணல், ஒன்றில் கரி, ஒன்றில் உப்பை வாங்குகிற ஏதோ குருணை. கடைசியில் கிருமியைக் கொல்லும் ஊதா விளக்கு.

கடைக்காரர், "உஸ்தாத், இதோட ஒரு பம்ப்பும் வாங்கிருங்க. மொட்டைமாடித் தொட்டியில இருந்து வர்ற அழுத்தம் இதுக்குப் பத்தாது" என்றார். நான் அவரிடமே ஒரு காகிதம் கேட்டு வாங்கி, தொட்டியின் உயரத்தைப் போட்டுக் கணக்குச் செய்து காட்டி, பம்ப் தேவையில்லை என்று நிரூபித்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் விடுப்பு எடுத்து நானே மாட்டினேன். பிளம்பரைக் கூப்பிடவில்லை. பின்முற்றத்தில், சமையலறைச் சுவரையொட்டி. குறிப்புப் புத்தகத்தில் ஒரு குறுக்குக் குழாயும் வைக்கச் சொல்லியிருந்தது. உருளைகளைச் சுத்தம் செய்கிற நாளில், தண்ணீர் அவற்றுக்குள் போகாமல் நேரே வீட்டுக்குள் போவதற்கான குழாய் அது. அதில் மஞ்சள் கைப்பிடி. கால் சுற்றுத் திருப்பினால் திறக்கும், கால் சுற்றுத் திருப்பினால் மூடும். அதையும் மாட்டினேன்.

வேலை முடிந்த வெள்ளிக்கிழமை மதியம் பத்ரியா தன் சொந்தக்காரர்களை விருந்துக்கு அழைத்திருந்தாள். அவளுடைய அண்ணன் ஹாத்திம் வந்திருந்தார். கார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எதைத் தொட்டாலும் ஓட வைக்கிற கை, யாரைப் பார்த்தாலும் கேலி செய்கிற வாய். சாப்பாட்டுக்கு முன் மாடிக்குக் கை கழுவப் போனவர், படிக்கட்டிலிருந்தே சத்தம் போட்டார்.

"லஃப்தா மாப்ள! உன் மெஷின் அழுவுதுடா! தண்ணி வரல, கண்ணீருதான் வருது!"

வீடே சிரித்தது. பத்ரியா சிரிக்கவில்லை. தட்டில் சோற்றைப் பரப்பிக்கொண்டிருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கேலி செய்வது வேறு. அவளுக்காக நான் செய்த ஒன்றைப் பிறர் கேலி செய்வது வேறு என்று அன்றுதான் தெரிந்தது.

"ஒரு நிமிஷம், காத்து அடைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பின்முற்றத்துக்குப் போனேன். மஞ்சள் கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினேன்.

மாடியில் தண்ணீர் பாய்கிற சத்தம் கீழே வரை கேட்டது. ஹாத்திம் சட்டையெல்லாம் நனைந்து இறங்கி வந்தார். "சிங்கம்டா நீ! முப்பது வருஷமா உன்னத் தப்பா நினைச்சுட்டேன்" என்று என் நெற்றியில் முத்தமிட்டார். வாவல் மீனின் வயிற்றுத் துண்டை பத்ரியா எப்போதும் அண்ணனுக்குத்தான் வைப்பாள். அன்று என் தட்டில் வைத்தாள்.

சாயங்காலம் கைப்பிடியைத் திருப்பிவிடுவதாகத்தான் இருந்தேன். சாயங்காலம் அவர்கள் போகவில்லை. மறுநாள் அவளுடைய அக்காமார் பார்க்க வந்தார்கள். அதற்கடுத்த நாள் தெருப் பெண்கள். பம்ப் ஒன்று வாங்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் பம்ப் தேவையில்லை என்பதை ஒவ்வொருவருக்கும் காகிதத்தில் போட்டுக் காட்டியிருந்தேனே. கைப்பிடியின் மேல் ஒரு பழைய துண்டைத் தொங்கவிட்டேன். அப்புறம் அது துண்டு காயப்போடுகிற இடமாகிவிட்டது. ஊதா விளக்கு இரவு பகலாக எரிந்தது, அதன் வழியே ஒரு துளியும் போகாவிட்டாலும்.

தண்ணீர் ருசியாகத்தான் இருந்தது. அந்த வசந்தத்தில் வடக்கே நல்ல மழை. ஆற்றில் வெள்ளம் வந்து கடலின் உப்பைத் தள்ளிவிட்டது. இறைவன் செய்த வேலைக்கு நான் பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன். பத்ரியாவின் கைத் தடிப்புகூட ஆறியது. அபு சல்வானின் கேனை நிறுத்திவிட்டாள். அவர் கடைவாசலில் நின்றே, "தண்ணி நல்லாதான் இருக்கும்மா, இருந்தாலும் ஒரு தடவ சோதிச்சுப் பாத்துக்குங்க" என்று சொன்னாராம். "பொறாமை" என்றாள் பத்ரியா என்னிடம். நான் மறுக்கவில்லை. நான் குடித்தது கொதித்த தேநீர்தான். அலுவலகப் பையில் எப்போதும் ஒரு புட்டித் தண்ணீர் இருந்தது. பயந்து வாங்கியதில்லை. வழியில் கடை இருந்தது, அவ்வளவுதான்.

கோடை வந்ததும் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. பத்ரியா ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தாள். "லேசா கரிக்குது. பரவால்ல, இது ஃபில்டர் பண்ணின உப்பு" என்றாள். அவள் கெட்டிக்காரி, ஐயா. என் விஷயத்தில் மட்டும் அந்த மூன்று மாதம் தன் கெட்டிக்காரத்தனத்தை ஒதுக்கி வைத்திருந்தாள். அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டு உம் ரௌனக் எங்கள் குழாயில் குடம் பிடிப்பாள். பத்ரியாதான் வற்புறுத்திக் கொடுப்பாள். ஜூன் மாதத்தில் அவளுடைய ஆறு வயது மகள் ரௌனக்குக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்து வந்தாள். கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அன்றே போய்க் கைப்பிடியை மூடினேன். இரண்டு நாள் தண்ணீர் உருளைகள் வழியாகத்தான் போயிற்று. மாடியில் நூல் மாதிரி ஒழுகியது.

"என்ன லஃப்தா, சிங்கம் படுத்துக்கிச்சா?" என்றாள் பத்ரியா, சிரித்துக்கொண்டே. "நாளைக்கு ஹாத்திம் அண்ணன் வருது, பாத்துச் சரி பண்ணு."

சரி பண்ணினேன்.

ஜூலை முதல் வாரத்தில் அவள் படுத்தாள். முதல் நாள், முந்தின தினம் சாப்பிட்ட தர்பூசணி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். மதியத்துக்குள் எழுந்து நிற்க முடியவில்லை. தெருவில் இருக்கிற டாக்டரைக் கூட்டி வந்தேன். இளம் பெண். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நாடி பார்த்தபடியே கேட்டார்: "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

"எங்க வீட்டுலயே ஃபில்டர் இருக்கு டாக்டர்" என்றாள் பத்ரியா. குரலே இல்லை, அதிலும் ஒரு பெருமை. "இவரே மாட்டினது. சொல்லு லஃப்தா."

டாக்டர் என்னைப் பார்த்தார். சொன்னேன். மணல், கரி, குருணை, ஊதா விளக்கு. எது எதை வடிகட்டும் என்று வரிசையாக விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன், டாக்டர் தலையாட்டினார். "அப்ப தண்ணியா இருக்காது. வெளியில சாப்பிட்டது ஏதாவது இருக்கும்" என்று எழுதிக்கொண்டார். உப்புச் சர்க்கரைப் பொடி கொடுத்து, தண்ணீரில் கலந்து கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். சாயங்காலத்துக்குள் குறையாவிட்டால் மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார்.

என் அலுவலகப் பை நாற்காலியில் இருந்தது. அதில் புட்டி இருந்தது, மூடி திறக்காதது. அதை எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், எடுத்தேன். பத்ரியா பார்த்துவிட்டாள்.

"அது எதுக்கு? நம்ம தண்ணியில கலந்து குடு."

புட்டியைப் பைக்குள் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்து சொம்பில் பிடித்து, பொடியைக் கலந்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். சாயங்காலம்வரை கொடுத்தேன். ஒரு மனைவிக்கு எந்தக் கணவனும் இவ்வளவு பொறுமையாகக் கொடுத்திருக்க மாட்டான். "ஆஸ்பத்திரி வேணாம், நம்ம தண்ணி உள்ள போனா சரியாயிரும்" என்றாள். நான் அவள் பேச்சை மீறியதே இல்லை. மறுநாள் காலையில் ஹாத்திம் வந்து காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனபோது நேரம் கடந்துவிட்டிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள், துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் இருந்தபோதே, சுகாதாரத் துறையிலிருந்து இருவர் மாதிரி எடுக்க வந்தார்கள். வாசலில் அவர்கள் பெயர் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் கைப்பிடியை மூடினேன். குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்துக்கொடுத்தேன். தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தது. அவர்கள் தெருவைத் தாண்டியதும் மறுபடி திறந்தேன். மாடியில் நாற்பது பேர் தொழுகைக்குக் கைகால் கழுவ வேண்டியிருந்தது. துக்க வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு பேச்சு வரக்கூடாது.

அதற்குள் தெருவில் இன்னும் சிலர் படுத்திருந்தார்கள். எங்கள் தண்ணீர் சுத்தம் என்றால், தெருவில் மற்றவர்களுக்கும் நோய் வந்தது யாரால் என்ற கேள்வி வருமல்லவா. அபு சல்வான் பெயரைச் சொன்னது நானில்லை. யாரோ எழுதிக்கொண்டு வந்த மனுவில், பத்ரியா அவர் கடையிலும் எப்போதாவது வாங்கினாள் என்று இருந்தது. கையெழுத்து மட்டும் போட்டேன். அவர் கடைக்குச் சீல் வைத்தீர்கள். அவரை இங்கே கொண்டுவந்தீர்கள். எட்டு வாரமாயிற்று என்று கேள்வி.

நானே முன்வந்து ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் நல்ல மனசு. உண்மையில் நடந்தது இது: தங்கை ஆசையாக வைத்திருந்தது என்பதற்காக, ஹாத்திம் தன் வீட்டிலும் அதே மாதிரி மாட்ட நினைத்தார். போன செவ்வாய்க்கிழமை ஒரு பிளம்பரோடு வந்தார். அந்த ஆள் உருளைகளைத் தட்டிப் பார்த்தார், குழாய்களைத் தொட்டுக்கொண்டே போனார், துண்டைத் தூக்கினார்.

"இது எவ்வளவு நாளா இப்படி இருக்கு? கைப்பிடி இப்படி இருந்தா தண்ணி ஃபில்டர் பக்கமே போகாதே."

ஹாத்திம் கைப்பிடியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். எவ்வளவு சுலபமாகத் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஏதாவது கேலி சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லியிருக்கலாம்.

"உனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்."

"அபு சல்வான் உள்ள இருக்கான், லஃப்தா. அவனுக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க." மாப்ள என்று சொல்லவில்லை. பிறகு பிளம்பருக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அவருக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் அதைத் தொடவில்லை.

அவ்வளவுதான் ஐயா. என் மனைவி இறந்தது என்னால். அந்தக் குழந்தை படுத்ததும் என்னால். அபு சல்வானுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை, அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எந்தப் பக்கத்தில் கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். ஐந்தாம் பக்கத்தில், "முறையாகப் பொருத்தப்படாத கருவி" என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். அதை மட்டும் நீக்கிவிடச் சொல்லுங்கள். பதினேழு இணைப்புகள், எல்லாம் என் கையால் போட்டவை. நீங்களே போய்ப் பாருங்கள், இன்றுவரை ஒரு சொட்டு கசிந்ததில்லை.